பறக்கும் டிரைவ்

கண்ணாடி மேசைமேல் கிடக்கும் புது எஸ்எஸ்டி டிரைவில் ஒரு சின்னக் கோப்பு இமைப்பதற்குள் ஏறிவிடுகிறது. "பாத்தீங்களாக்கா, பறக்குது!" என்கிறார் கடைக்காரர். அதை வாங்க வந்த புகைப்படக்காரி சிரிக்கவில்லை. "சின்ன ஃபைல், கேஷ்னு உள்ள இருக்கிற கொஞ்ச வேகமான இடத்துலயே அடங்கிடும் தம்பி. அது ரொம்பினப்புறம்தான் நிஜ வேகம் தெரியும்." வெள்ளிக்கிழமைக்குள் திருத்தித் தர வேண்டிய மூவாயிரம் கல்யாணப் படங்கள் உள்ள பழைய டிரைவைப் பையிலிருந்து எடுத்து நீட்டுகிறாள். "இத முழுசா ஏத்துங்க." "எம்மேல நம்பிக்கை இல்லையாக்கா?" "உங்க மேல இருக்கு. இது மேலதான் இல்ல." திரையில் வேகத்தைக் காட்டும் பச்சைக் கோடு உச்சியிலேயே ஓடுகிறது. சட்டென்று கோடு சரிந்து தரையோடு ஊர்கிறது. கடைக்காரர் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்புகிறார். "கரண்ட் கம்மியா வருது போல." பழைய டிரைவின் வயரைக் கழற்றியபடியே அவள் அண்ணாந்து பார்க்கிறாள். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.