திரிலோகசுந்தரம் கரையேறினான்

மூடநம்பிக்கையை இந்த ஏரியிலேயே ஒழித்துக்கட்டிவிட்டுத்தான் கரையேறுவேன் என்று அவன் அறிவித்தான்.

அறிவிக்கும்போது இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தான். தோளில் மணல்மூட்டை.

மழை விட்டிருந்தது. ஏரி விடவில்லை. கரையின் அடியில் ஓரிடத்தில் கசிந்துகொண்டிருந்தது.

கரைக்கு அந்தப் பக்கம் வீடுகள். எல்லாக் கூரைகளும் ஏரித் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே.

ஏரியிடமிருந்து ஊரைக் காப்பாற்ற வந்த மாணவர்களின் முதுகில் ‘ஏரியைக் காப்போம்’ என்று அச்சடித்திருந்தது. பொறுப்பாசிரியர் வேனுக்குள் உட்கார்ந்து ஒருங்கிணைத்துக்கொண்டிருந்தார்.

கரைமேல் இருசம்மாள் நின்றாள். முதல் கூரை அவளுடையது.

தண்ணீரில் இறங்குகிற ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு வாங்கிக்கொண்டாள். வேலை முடிந்ததும் கரையிலிருந்து ஒருத்தர் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட பிறகே ஏற வேண்டும். அந்த ஊரில் அப்படித்தான்.

கூப்பிடாமல் ஏறினால்?

“ஒடம்பு மட்டும் வரும்” என்றாள்.

அவளுடைய தம்பி ஏழுமலை சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தான். போன மழைக்கு உடைப்பை அடைக்க இறங்கியவன். ஊரே சட்டிபானையோடு ஓடிக்கொண்டிருந்த நேரம். கூப்பிடக் கரையில் ஆளில்லை. அவனாகவே ஏறி வந்துவிட்டான்.

அன்றிலிருந்து சோறு வைத்தால் சாப்பிடுகிறான். பாய் விரித்தால் படுக்கிறான். பெயர் சொன்னால் திரும்புவதில்லை.

தண்ணீரில் மூட்டையோடு நின்ற இவன் ஏழுமலையைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தான்.

“எங்க காலேஜ்ல பாதிப் பேர் இப்படித்தாங்க்கா இருக்காங்க. எந்த ஏரியில விட்டுட்டு வந்தாங்கன்னுதான் தெரியல.”

பக்கத்தில் நின்ற ரிஸ்வான் சிரித்த சிரிப்பில் மூட்டையைத் தண்ணீரில் போட்டான்.

இருசம்மாள் சிரிக்கவில்லை.

“உன் பேரு இன்னாபா?”

“திரிலோகசுந்தரம்.”

முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னான். அப்படி ஒருவன் அந்தக் கல்லூரியிலேயே கிடையாது.

அவள் உதடுகள் அசைந்தன. திரிலோக. சுந்தரம். தப்பிவிடாமலிருக்க இன்னொரு முறை.

“பெரிய பேரா கீதே” என்றாள். “பரவால்ல. வுட மாட்டேன்.”

மூட்டைகள் கை மாறிக்கொண்டே இருந்தன. கடைசிக் கை அவனுடையது. குனிந்து, மூட்டையைக் கரையோடு அழுத்தி, காலால் மிதித்து இறுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காலடியில் சேறு அவனைக் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொண்டது. பிறகு திருப்பிக் கொடுத்தது.

கீழே, வீட்டுப் பக்கத்திலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள்.

“நின்னுடுச்சி. தண்ணி நின்னுடுச்சி.”

யாரும் கைதட்டவில்லை. எல்லாருக்கும் குளிர்ந்தது.

இருசம்மாள் கூப்பிட ஆரம்பித்தாள். ஒரு பெயர், ஓர் ஆள். ஏறியவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெயர்.

“அட்டெண்டன்ஸ் எடுக்குறாங்கடா” என்றான் அவன். “எனக்கு எவனாச்சும் ப்ராக்ஸி குடுங்க.”

ரிஸ்வானும் ஏறிப் போய்விட்டான். தண்ணீரில் அவன் மட்டும்.

“திரிலோகசுந்தரம், ஏறி வாப்பா.”

அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஆனாலும் ஓர் எழுத்து விடவில்லை.

“உள்ளேன் அம்மா” என்று ஏறினான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். மற்றவர்களைப் பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

வேன் பக்கம் நடந்தார்கள். அவன் டி-ஷர்ட்டைப் பிழிந்துகொண்டு நின்றான். வேனிலிருந்து பொறுப்பாசிரியர் ஒரு பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். யாருடா அவன், வாயைத் திறந்து பதில் சொன்னால் என்ன என்று இவனுக்கு எரிச்சலாக வந்தது.

ரிஸ்வான் வந்து தோளைத் தொட்டான்.

“உன்னத்தான்டா.”

அவன் சிரிக்கப் பார்த்தான்.

ஏழுமலை அதே இடத்தில் உட்கார்ந்து தண்ணீரில் ஓரிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சற்று முன்பு இவன் நின்றிருந்த இடம்.

“செருப்ப விட்டுட்டேன். நீ போ, வரேன்.”

செருப்பு காலில்தான் இருந்தது. ரிஸ்வான் அதைப் பார்த்தான். வேனைப் பார்த்து நடந்தான்.

மறுபடி கரைமேல் ஏறி நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமுவதுபோலத் தன் நிஜப் பெயரைச் சொன்னான்.

தண்ணீர் அப்படியே இருந்தது.

“ஏறி வா” என்றான். அதையும் மெல்லத்தான்.

பின்னால் இருசம்மாள். எப்போது வந்தாளோ. அவன் கூப்பிட்ட பெயர் அவள் காதில் விழுந்திருக்கும்.

“எனக்குத் தொண்ட போயிடுச்சி. நீயே சத்தமா கூப்டு தம்பி. தண்ணிக்குள்ள கேக்காது.”

சத்தமாகக் கூப்பிட்டான்.

இன்னொரு முறை கூப்பிட்டபோது குரல் அவனுடையதாக இல்லை.

குறுகலான கரை. ஓர் ஆள்தான் நடக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்து இருசம்மாள், புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்ப் பக்கமிருந்து வரும் யாருக்கோ வழி விட்டு ஓரமாக நின்றாள்.