பதினேழாவது பெட்டி

ஒரு பெட்டி மூட ஒரு போன் செய்கிறார். அந்தப் பேக்கிங்காரர் மேல் வந்த புகார் அதுதான்.

வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போக வேண்டிய சாமி சிலைகள், படங்கள், பலகைகள் எல்லாம் சேர்த்துப் பதினேழு. நாலு நாள் வேலை. இன்று ஆறாவது நாள். மூன்று மணிக்கு லாரி வருகிறது.

அருங்காட்சியகப் பொறுப்பாளர் அம்மாளின் மேசையில் பேக்கிங்காரருடைய ஒப்பந்தத் தாள் கிடந்தது. இன்றோடு முடிகிறது. நீட்டிப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மாலைக்குள் எழுதியாக வேண்டும்.

"மேலிடத்துல நேரா பேசறாரு மேடம்," என்றார் பெட்டி அடிக்கும் தச்சர். "அங்க லைன் கிடைக்கலன்னா நாங்க சுத்தியலோட சும்மா நிக்கறோம்."

காவல் பிரிவுக்கு வேறு கவலை. விலைமதிப்பில்லாத சரக்கு பெட்டிக்குள் போகிற நேரம் பார்த்து ஒருவர் வெளியே போன் செய்கிறார் என்றால் என்ன அர்த்தம்?

பேக்கிங் கூடத்துக்குள் செல்போன் எடுத்துப்போக முடியாது. சுவரில் மாட்டிய போன் ஒன்றுதான். அதிலிருந்து போன நம்பர்களின் பட்டியலை வாங்கிய அம்மாள், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாக அழைத்தார்.

முதல் நம்பர் ஒரு சலவைக் கடை. எடுத்த பெண் யார், என்ன என்று துருவி விசாரித்த பிறகுதான் வாய் திறந்தாள். மர மாதா சிலையைப் படுக்கவைக்கலாமா என்று கேட்டாராம். "எத்தனை வருஷமா உட்கார்ந்தே இருக்காங்க, படுக்கட்டும்னேன். மடியில இருக்கற பிள்ளை தனியா கழண்டு வருமாமே, அதை மட்டும் வேற பெட்டியில போட்டுடாதீங்கன்னேன். ஏம்மா, தப்பா சொல்லிட்டேனா?"

அடுத்தது ஒரு பல் மருத்துவமனை. வரவேற்பில் இருந்தவர் புத்தர் சிலையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பெட்டி மேல் தலைப்பக்கம் எது என்று பெரிதாக எழுத வேண்டும், சுமை ஏற்றுகிறவர்கள் தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மூன்றாவது எண்ணில் கிடைத்தவர் ஒரு பஸ் டிரைவர். குர்ஆன் வசனம் எழுதிய பலகைக்கு மேல் வேறு எதையும் அடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டாராம்.

அவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார் அம்மாள்.

"தெரியாதுங்க. என் பஸ்ஸுல வர்றவர். இறங்கறப்ப நீங்க தொழுகறவரான்னு கேட்டு நம்பர் வாங்கினார். என்ன வம்போன்னு நானும் ரெண்டு நாள் பயந்துட்டுதான் இருந்தேன்."

மற்ற நம்பர்களை அம்மாள் கூப்பிடவில்லை. திருட்டு இல்லை என்பது தெரிந்துவிட்டது. பக்தி முற்றிய கேஸ். ஆனாலும் இரண்டு நாள் தாமதம் தாமதம்தானே?

இரண்டரை மணிக்குக் கூடத்துக்கு இறங்கிப் போனார். பதினாறு பெட்டிகள் ஆணி அடித்துத் தயாராக இருந்தன. பதினேழாவது சிலைக்கு முன்னால் பேக்கிங்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். போன் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"பக்தி இருக்கட்டும். அதை வீட்டோட வெச்சுக்கணும். இங்க எல்லாமே நம்பர் போட்ட பொருள்," என்றார் அம்மாள்.

"எனக்கு பக்தியெல்லாம் கிடையாது மேடம். சாமி இருக்குன்னே நம்பறதில்ல. வீட்டுல அதுக்கு தினமும் திட்டு வாங்கறேன்."

"அப்புறம் எதுக்கு இத்தனை போன்?"

"நம்பறவனா இருந்தா எல்லாம் தெரியும்னு நானே முடிவு பண்ணியிருப்பேன். தெரியாதவன் கேட்டுத்தானே ஆகணும்."

தச்சர் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

முழங்கால் உயரக் கல் சிலை அது. ஒரு பெண். முதுகு உடைந்திருந்தது. கன்னங்கள் இரண்டும் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தன. எத்தனையோ பேர் தொட்டுத் தடவிய தேய்மானம்.

இதற்கும் காலையிலேயே விசாரித்துவிட்டதாக அவர் சொன்னார். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரைப் பிடித்திருக்கிறார். இதைக் கும்பிட்ட ஜனம் மொத்தமும் போய் இரண்டாயிரம் வருஷம் ஆகிவிட்டதாம். அவர்கள் பேசிய பாஷையும் போய்விட்டது. இவள் பெயரே யாருக்கும் தெரியாது.

"அப்ப யாரையும் கேட்க வேண்டாம். விதிப்படி வைங்க," என்றார் அம்மாள்.

முதுகு உடைந்த கல்லைக் குப்புறப் படுக்கவைக்க வேண்டும் என்பது விதி. எழுதியவர் அம்மாள்தான்.

பேக்கிங்காரர் எழுந்து பதிவேட்டை எடுத்து வந்து அவர் முன்னால் பிரித்துக் காட்டினார்.

"பதினேழுக்கு நேரா பொறுப்புன்னு உங்க பேர்தான் மேடம் போட்டிருக்கு. இந்த உலகத்துல இப்போதைக்கு இவங்களுக்குன்னு இருக்கற ஆள் நீங்க ஒருத்தர்தான். அதான் நீங்க வரட்டும்னு உட்கார்ந்திருந்தேன். எப்படி வைக்கட்டும்?"

வெளியே லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. தச்சர் ஆணியைக் கையில் எடுத்துக்கொண்டார். அம்மாள் புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். லாரி இன்னும் இரண்டு தடவை ஹாரன் அடித்தது.

"குப்புற வேண்டாம்," என்றார் கடைசியில். "நிக்க வெச்சே அனுப்புவோம். உயரமா ஒரு பெட்டி அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம் ஆகும் மேடம்," என்றார் தச்சர்.

"ஆகட்டும்."

மாலையில் அந்த ஒப்பந்தத்தை இரண்டு வருஷத்துக்கு நீட்டித்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு பதிவேட்டில் தாமதத்துக்கான காரணத்தை எழுதும் கட்டத்தில் பேனாவை வைத்துக் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினார்:

"பதினேழாவது பெட்டி: உரியவர் யோசித்துச் சொல்ல நேரமாகிவிட்டது."