வாரத்துக்கு மூன்று நடை

உர்ஷ்கா ஏழாவது பையையும் கிழித்துக் கொட்டினாள். அதிலும் பக்கத்து ஊர்க் குப்பை இல்லை.

தண்ணீர் பாட்டில்கள், தயிர்க் கிண்ணங்கள், முட்டை டப்பாக்கள். விலைச்சீட்டு எல்லாமே விர்ஹோவ்யேயில் இருக்கும் ஒரே கடையுடையது. ஒவ்வொன்றும் கழுவிக் காயவைத்துப் போடப்பட்டிருந்தது.

"இன்னும் பத்துப் பை வேணும்னாலும் இறக்கச் சொல்றேன் மேடம்," என்றாள் நெவென்கா. அந்தச் சின்ன நகரத்தின் குப்பை அலுவலகம் என்பது அவள், ஒரு லாரி, அதன் டிரைவர் ஸ்தானே, அவ்வளவுதான்.

ஸ்லோவேனியாவில் எந்த நகரம் குப்பையை நன்றாகப் பிரிக்கிறது என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வரும். விர்ஹோவ்யே இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கடைசி. மூன்றாவது முறையும் கடைசி என்றால் அலுவலகத்தை மூடி, வேலையைப் பக்கத்து நகரத்திடம் கொடுத்துவிடுவதாகத் தலைநகரிலிருந்து கடிதம் வந்தது.

இந்த ஆண்டு அது முதலிடம்.

நூறு கிலோவில் ஒன்பது கிலோ மட்டும் பிரித்துக்கொண்டிருந்த ஊர் ஒரே ஆண்டில் எண்பத்தொன்று பிரிக்கிறது. எங்கோ பொய் இருக்கிறது, போய்க் கண்டுபிடி என்று தலைநகரிலிருந்து உர்ஷ்காவை அனுப்பியிருந்தார்கள். எடை காட்டுவதற்காக வெளியூர்க் குப்பையை ஏற்றி வந்த ஊர்களை அவள் பார்த்திருக்கிறாள். இங்கும் அப்படி என்றால் முதலிடமும் போகும், நெவென்காவின் வேலையும் போகும்.

எடைமேடையைச் சோதித்தாள். சரியாக இருந்தது. அவள் நிரப்ப வேண்டிய படிவத்தில் இரண்டே கட்டங்கள்: நூற்றில் எத்தனை பிரிக்கப்பட்டது, பிரித்தது சுத்தமாக இருக்கிறதா. இரண்டிலும் குறை சொல்ல எதுவும் இல்லை.

திங்கட்கிழமை என்பதால் சாப்பாட்டுக் கடை மூடியிருந்தது. நெவென்கா தன் வீட்டுக்கே அழைத்துப் போனாள். ஸ்தானேயும் கூட வந்தார். உரித்த உருளைக்கிழங்குத் தோலை ஒன்றுவிடாமல் கூட்டி, உணவுக்கழிவு வாளியில் போட்டு மூடினாள். புதுத் தண்ணீர் பாட்டில் ஒன்றைத் திறந்து மூன்று டம்ளரில் ஊற்றினாள்.

ஜன்னலுக்கு வெளியே கிணற்றின் விளிம்பில் காலி பாட்டில்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அதற்குப் பின்னால் கோழிக்கூண்டு. அதற்குள் ஒரு சைக்கிள் நின்றது.

ஸ்தானே தொத்திறைச்சியை வெட்டியபடி பேச ஆரம்பித்தார். "முன்னெல்லாம் மாசத்துக்கு ஒரு நடைதான் மேடம். அதுலயும் பெரும்பாலும் அடுப்புச் சாம்பல். இப்ப வாரத்துக்கு மூணு நடை. என் முதுகு போச்சு."

"முதுகு லாரியால போகல, சாராயத்தால போச்சு," என்றாள் நெவென்கா. "சாப்பிடறப்ப வாய மூடிக்கிட்டு சாப்பிடு."

உர்ஷ்கா கத்தியைக் கீழே வைத்தாள். ஊரில் எத்தனை வீடு என்று கேட்டாள். தொள்ளாயிரம் என்றாள் நெவென்கா. போன வருடம்? அதே தொள்ளாயிரம்தான்.

அதே வீடுகள், அதே மனிதர்கள், அப்போது மாதத்துக்கு ஒரு லாரி. மீதி எங்கே போனது?

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. சுற்றிலும் சுண்ணாம்பு மலை. அதில் அடி தெரியாத குழிகள். பழைய அடுப்பு, செத்த கன்றுக்குட்டி, எதைப் போட்டாலும் சத்தம்கூடக் கேட்காது. அந்தக் குழிகளை எட்டிப் பார்ப்பதும் அவள் வேலைகளில் ஒன்றுதான்.

ஆனால் அவளைக் கேட்டது இந்த ஆண்டுக் கணக்கை மட்டும். தவறு செய்த ஊர் திருந்தியிருக்கிறது. அதற்காக ஒருத்தியின் வேலையைப் பறிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மேசையிலேயே படிவத்தை விரித்து, 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஸ்தானே எழுந்து போய் அலமாரியிலிருந்து சாராய பாட்டிலை எடுத்து வந்தார். இந்த முறை நெவென்காவே டம்ளரை நீட்டினாள்.

கார் வரைக்கும் நெவென்கா கூடவே வந்தாள். உர்ஷ்கா கதவைத் திறந்துவிட்டு, ஏறாமல் நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன். இத நான் எங்கயும் எழுத மாட்டேன்."

"கேளுங்க மேடம்."

"முன்ன இருந்த குப்பையெல்லாம் எந்தக் குழியில போட்டீங்க?"

நெவென்காவுக்குக் கேள்வி பிடிபடச் சற்று நேரம் ஆனது. அவள் திரும்பி, சைக்கிள் நின்ற கோழிக்கூண்டைப் பார்த்தாள்.

"எந்தக் குழியிலயும் போடல மேடம். தோலைக் கோழி தின்னுடும், தண்ணிய கிணத்துல இறைச்சுக்குவோம். அப்ப எங்ககிட்ட பிரிக்கறதுக்குக் குப்பையே இல்ல."