கிம்ச்சி வாசமடித்த கேபிள்

"அம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். அது பிராசசருக்குப் போற கேபிள். அதைப் போய் கிராபிக்ஸ் கார்டுல குத்தாதீங்க!"

சியோல் நகரத்துக் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் கிபொமின் ராம்யன் நூடுல்ஸ் ஊறிக் கூழாகிக்கொண்டிருந்தது. போனில் பேசிய வாடிக்கையாளர் அம்மாள் விடுவதாயில்லை.

"ரெண்டுலயும் எட்டு ஓட்டைதானே தம்பி?"

"எட்டு இருந்தா ரெண்டும் ஒண்ணாயிடுமா? கார்டுக்கான கேபிள் எங்க?"

"கையிலதான் இருக்கு. கிம்ச்சி ஊறுகாய் வாசம் அடிக்குது."

"கேபிள்ல எப்படிம்மா கிம்ச்சி வாசம்?"

"அதெல்லாம் அப்புறம். பையன் வர்ற நேரமாச்சு!"

"அப்போ அதை மாட்டுங்க. 'கிளிக்'னு கேக்குற வரைக்கும் அழுத்துங்க."

'கிளிக்' கேட்டது. ஸ்விட்சைப் போட்டதும் விசிறி சுழலும் சத்தமும் கேட்டது. கிபொமுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்பாடா! பையனோட கம்ப்யூட்டர்ல எதுக்கும்மா கை வச்சீங்க?"

"கை வச்சது போன வருஷம் தம்பி. அவன் படிக்கணுமேன்னு இந்தக் கேபிளைக் கழட்டி, கிம்ச்சி ஃபிரிட்ஜுல டப்பாக்களுக்கு அடியில ஒளிச்சுட்டேன். கார்டு எரிஞ்சுபோச்சு, இனி விளையாட முடியாதுன்னு சொன்னேன். தங்கமான பிள்ளை, மறுபேச்சுப் பேசல. இன்னிக்குக் காலேஜ் நுழைவுத் தேர்வு முடிஞ்சு வர்றான். ஆசை தீர விளையாடட்டும்."

கிபொமின் எரிச்சலெல்லாம் வடிந்துவிட்டது. நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வாயெடுத்தான்.

"இருங்க தம்பி, அவன் விளையாட்டு தானாவே திறக்குது. 'வருக ஹேசங்! நீங்கள் கடைசியாக விளையாடியது: நேற்று'ன்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன?"

கிபொம் அவசர அவசரமாக ராம்யனை அள்ளி வாயில் திணித்துக்கொண்டான்.