எலுமிச்சைப்புல் தைலம்

அறையில் இருப்பவர்கள்: நான், வாதத்தில் படுத்திருக்கும் என் மனைவி சகுந்தலா, மருமகள் பரிமளா, பெண் பார்க்க வருகிறவர்களுக்காகப் பட்டுடுத்திய மகள் மதிவதனி. சகுந்தலாவுக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. பரிமளா வாளித் தண்ணீரில் எலுமிச்சைப்புல் தைலம் சொட்டித் தரையைத் துடைக்கிறாள். மிச்சத் தைலத்தைத் தேங்காயெண்ணெயில் கலந்து மாமியார் கைகளில் தடவுகிறாள். ஜன்னல் வெயிலில் ஈரத்தரை மின்னுகிறது. வாசனைக்கு அடியில் பழைய வாடை அப்படியே இருக்கிறது. நான் விறைப்பாக நிற்கிறேன். மதிவதனி அம்மாவின் கையைப் பிடிக்கக் குனிகிறாள். "கிட்ட வராதடி, கையெல்லாம் எண்ணெ. பட்டுல பட்டா கறை போவாது" என்கிறாள் சகுந்தலா, தறியில் உட்கார்ந்து பட்டு நெய்த காலத்துக் குரலில். வாசலில் கார் வந்து நிற்கிறது. "பாத்துகினு நிக்காதீங்க. ஜல்தி கதவச் சாத்துங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நோயாளியை உள்ளே வைத்துப் பூட்டினோம் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. யாரும் பூட்டவில்லை. சாத்தச் சொன்னவள் அவள், சாத்தியவன் நான்.