இன்னும் ஒரு கை

"டாக்டர், இந்தப் பொண்ணுக்குக் கையெழுத்தப் போட்டு அனுப்பிடுங்க. பாவம், நாளன்னிக்குக் கல்யாணம்!"

விமான ஷெட்டின் வாசலில் நின்றபடி தலைமை மெக்கானிக் முழங்கினார். அவர் ரகசியம் பேசினாலே ஓடுபாதையின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். விமானப்படையின் அந்தச் சின்ன முகாமில் அவருக்குப் பெயரே 'சைரன்' தான்.

"கல்யாணம் வேற, கையெழுத்து வேற," என்றார் டாக்டர். "நரம்புல சலைன் ஊசி ஏத்துற பயிற்சி இது. இன்னும் ஒரு கை பாக்கி. அதையும் ஒழுங்கா முடிக்கட்டும், உடனே போட்டுடறேன். பயிற்சி முடியாம லீவு கிடையாது."

பயிற்சி நர்ஸ் ஊசித் தட்டும் கையுமாகப் பக்கத்தில் நின்றாள். வாரத்துக்கு ஒரே விமானம். அது இன்று மாலை கிளம்புகிறது. கையெழுத்துப் போடவேண்டிய டாக்டரும் அதிலேயே ஊருக்குப் போகிறார். அதற்குள் வேலை முடியாவிட்டால், நாளை மறுநாள் மாப்பிள்ளை தனியாகத்தான் மேடையில் உட்கார வேண்டும்.

அந்த ஒரு கைக்குத்தான் பஞ்சம். சமையல்காரர், காவலாளி, ரேடியோக்காரர் என்று எல்லார் கையிலும் ஏற்கெனவே பிளாஸ்திரி. விமானிகளை, பறக்கிற நாளில் குத்தக்கூடாது. மெக்கானிக்குகள் அத்தனை பேரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தவர் சைரன்தான். "இத்தனூண்டு ஊசிக்குப் பயமாடா? வெக்கமா இல்ல? போங்கடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பயம் போயே போய்விட்டது.

மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான். காலையிலிருந்து, "இதோ வந்துட்டேம்மா, இந்த டயரை மட்டும் பாத்துட்டு," "இந்த மூடியை மட்டும் மாட்டிட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் கிளம்பப்போன நேரம் பார்த்து அந்த இடி விழுந்தது.

பத்தாம் நம்பர் ஸ்பானரைக் காணோம்.

ஷெட்டின் சுவரில் ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தை வரைந்து இடம் ஒதுக்கியிருக்கும். எடுக்கிறவன் தன் டோக்கனை அங்கே மாட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இது சைரன் போட்ட சட்டம். இன்று அந்த இடத்தில் ஸ்பானரும் இல்லை, டோக்கனும் இல்லை.

"எவன்டா டோக்கன் மாட்டாம எடுத்தது?" இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு, வலது கையை வீசி வீசிக் கத்தினார் சைரன். "அது எஞ்சினுக்குள்ள கிடந்தா என்ன ஆகும் தெரியுமா? எண்ணிக்கை சரியாகாம இந்த விமானம் ஒரு அடி நகராது!"

பையன்கள் இறக்கைக்கு அடியில் தவழ்ந்தார்கள். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தார்கள். ஒருவன் தன் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து காட்டினான். விமானி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து நடந்து தேய்ந்தார்.

நர்ஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சார், அது கிடைக்கலேன்னா..."

"சேச்சே, அழாதம்மா. கிளம்புற நேரத்துக்குள்ள கண்டிப்பா கிடைச்சுடும். என் மனசு சொல்லுது. நீ போய்ப் பெட்டியைக் கட்டு," என்றவர், டாக்டர் பக்கம் திரும்பினார். "இந்த நிலைமையில நான் எப்படி வந்து படுக்க முடியும், நீங்களே சொல்லுங்க. ஒரே ஒரு கைதானே? விட்டுக்குடுங்களேன்!"

"ஒரே ஒரு ஸ்பானர்தானே, நீங்க விட்டுக்குடுப்பீங்களா?" என்றார் டாக்டர்.

சைரன் சட்டென்று பையன்கள் பக்கம் திரும்பி, "நல்லாத் தேடுங்கடா!" என்று கத்தினார்.

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டாக்டர், தேடறது பசங்கதானே? சார் நின்னு சத்தம்தானே போடறாரு? உக்காந்து போடட்டும். நான் இங்கயே ஊசியைப் போட்டுடறேன்."

பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு மரப்பெட்டியை நகர்த்திப் போட்டார்கள். வேறு வழியில்லை, சைரன் உட்கார்ந்தார். முந்திக்கொண்டு வலது கையை நீட்டினார்.

சட்டைக் கையை மடித்துவிட்ட நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். "முழுக்கத் தீக்காயத் தழும்பா இருக்கே சார். இதுல நரம்பே பிடிபடாது."

"அடடா! அப்படியா? சரி, விடு. நம்ம மேல என்ன தப்பு?" சைரன் எழுந்தேவிட்டார்.

"அந்தக் கை இருக்கே சார்!"

"எந்தக் கை?"

"முதுகுக்குப் பின்னால வச்சிருக்கீங்களே, அது."

"அது... அதை எதுக்கும்மா... டேய், எஞ்சின் பக்கம் சரியாத் தேடுனீங்களாடா?"

"நேரமாச்சுங்க!" டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. அவரே பின்னால் வந்து, அந்த இடது கையைப் பிடித்து இழுத்து, மணிக்கட்டில் இறுகப் போட்டிருந்த பித்தானைக் கழற்றினார்.

டங்!

சிமென்ட் தரையில் விழுந்து உருண்டது பத்தாம் நம்பர் ஸ்பானர்.

எல்லாரும் ஸ்பானரைப் பார்த்தார்கள். அப்புறம் சைரனைப் பார்த்தார்கள். அவர் மெதுவாக மரப்பெட்டியில் உட்கார்ந்து, இடது கையை நர்ஸிடம் நீட்டி, கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"எண்ணிக்கை சரியாயிடுச்சு, விமானம் கிளம்பலாம்," என்றார் யாருக்கும் கேட்காத குரலில். "டேய் பசங்களா... எவனாவது ஒருத்தன் வந்து இந்தக் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்களேன்டா!"