காய்ந்த சுவர்

படுக்கையறையின் ஈரத்தைப் போக்க, மனைவி மூலைக்கு மூலை கிண்ணத்தில் கல்லுப்பு வைத்தாள்; ஜன்னல்களைத் திறந்தே போட்டாள். கொஞ்ச நாளில் சுவர் காய்ந்து, பூஞ்சை வாடையும் போனது.

“பாத்தீங்களா? ஈரம் உறிஞ்சுற மிஷின் வாங்கணும்னு குதிச்சீங்களே!”

கணவன் தலையைச் சொறிந்தான். “மேல் வீட்டுப் பெரியவர்கிட்ட மன்னிப்பு கேக்கணும். உங்க பாத்ரூம்தான் ஒழுகுதுன்னு எகிறிட்டு வந்தேன்.”

மாடியேறிப் பெரியவரின் கதவைத் தட்டினான். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

“போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பலையே! போன வாரம் தவறிட்டார். கீழேயே இருக்கீங்க, தெரியாதா?”

இறங்கி வந்தான்.

“என்னங்க சொன்னாரு?” என்றாள் மனைவி.

“ஒழுகினது அவர் பாத்ரூம்தான். இப்போ அங்க தண்ணி புழங்க ஆளில்ல.”

சுவரைத் தொட்டுப் பார்த்தான். துளி ஈரமில்லை.